பூக்காரனுக்குக் கிடைக்காத கிரீடம்: ‘பொன்னியின் செல்வன்’ படங்களோடு மூன்று வருடம்

பாட்டி வீட்டு மரப்பீரோவில் ஐந்து பைண்டு புத்தகங்கள் இருந்தன. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ‘கல்கி’ வார இதழில் கல்கி எழுதி வந்த தொடரை, வாராவாரம் தனியே எடுத்துச் சேர்த்துத் தைத்து வைத்தவை. மணியத்தின் ஓவியங்களோடு, பழுப்பேறிய தாளில், மறுபக்கத்தில் பாதி விளம்பரமும் இருக்கும். கத்தரி கொஞ்சம் உள்ளே போய் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்ட இடங்களில், விட்டுப்போன எழுத்துகளைப் பாட்டி மைப்பேனாவால் எழுதிச் சேர்த்திருப்பார். பதின்மூன்று வயதில் நான் முதலில் படித்த பொன்னியின் செல்வன் அதுதான். அதற்கப்புறம் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் படுத்தால் முதல் பாகம், பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தபோது நான்காம் பாகம், பாட்டி போன வருடம் மறுபடி ஐந்தும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், படத்தைப் பற்றி நான் எழுதப்போவது முதல் நாள் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை. முதல் பாகத்தைத் தியேட்டரில் இரண்டு முறையும் ஓடிடியில் நான்கைந்து முறையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாகத்தைத் தியேட்டரில் ஒரு முறை, வீட்டில் மூன்று முறை. கடைசியாகப் பார்த்தபோது பக்கத்தில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று வருடத்தில் எது தங்கியது, எது தேய்ந்தது என்று இப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

1958இல் எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றதும், பிறகு கமல்ஹாசன் முயன்றதும், எதுவும் நடக்காமல் போனதும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு நாடகமாகப் போட்டது. அதனால் 2022 செப்டம்பர் 30ஆம் தேதி திரையில் முதல் காட்சி விரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. இத்தனை பேர் ஆசைப்பட்டு நடக்காத ஒன்றை மணிரத்னம் நடத்திக் காட்டினார். அதில் எனக்கு இன்றைக்கும் நன்றி உண்டு.

தேயாமல் இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாவலின் நாயகனான கார்த்தியின் வந்தியத்தேவன், ஒற்றனான ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் நம்பி. இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பாமலே சேர்ந்து போகும் காட்சிகளில் கல்கியின் குறும்பு அப்படியே இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் பட்டத்து இளவரசன் கரிகாலனும் அவன் காதலித்த நந்தினியும் சிறுவயதில் வரும் பகுதி, நாவலில் பேச்சாக மட்டுமே வருவதைக் கண்முன் கொண்டுவந்து வைத்தது. முதல் பாகத்தில் ரவிவர்மனின் ஒளிப்பதிவுக்கும் ரஹ்மானின் பின்னணி இசைக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான்.

முதல் பாகத்தில் எனக்கு ஒரே ஒரு பெரிய குறை. நாவல் ஆடிப்பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில், அவசரமே இல்லாமல் தொடங்கும். வந்தியத்தேவன் குதிரையை மெதுவாக நடக்கவிட்டு, கரையில் கூடிய சனங்களையும் கணவாய்களில் (மதகுகளில்) நீர் பாய்வதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போவான். படம் ராஷ்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது. ஏரிக்கரைப் பயணம் ஒரு பாட்டுக்குள் அடங்கிவிட்டது. பாட்டு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்ப்பதற்கு நேரம் கொடுக்கும் கதை இது என்ற அறிவிப்பு அங்கேயே காணாமல் போகிறது. சரி, சினிமாவுக்கு இப்படித்தான் வேண்டும் போலிருக்கிறது என்று அன்றைக்கு ஏற்றுக்கொண்டேன்.

2023 ஏப்ரல் 28ஆம் தேதி வந்த இரண்டாம் பாகத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் முறை பார்த்ததைவிட ஒவ்வொரு முறையும் வருத்தம் கூடிக்கொண்டே போகிறது. அதற்குக் காரணம் சேந்தன் அமுதன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். (இனி கதையின் ரகசியங்கள் வரும். படிக்க நினைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.) தஞ்சைக்கு முதல் முறை வரும் வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுப்பவன் சேந்தன் அமுதன். பூந்தோட்டம் வைத்து மாலை கட்டுபவன், தேவாரம் பாடுபவன். அவனை வளர்க்கும் வாணி அம்மை வாய் பேச முடியாதவள். விருந்தாளிக்கு அவள் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வைப்பாள். வந்தியத்தேவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு இடியாப்பம் உள்ளே தள்ளுவான். எங்கள் வீட்டில் யார் இடியாப்பம் அதிகம் சாப்பிட்டாலும் “வாணி அம்மை வீட்டுக்கு வந்துட்டியா?” என்றுதான் பாட்டி கேட்பார்.

அந்தச் சாதுவான பூக்காரன்தான் முன்னாள் சோழ மன்னர் கண்டராதித்தருக்கும் ராணி செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மகன். பிறந்ததும் இறந்துவிட்டது என்று நினைத்துப் புதைக்கக் கொடுத்த குழந்தைக்கு உயிர் இருப்பதை வாணி பார்த்துத் தானே எடுத்து வளர்க்கிறாள். அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்து சிம்மாசனத்துக்காகச் சதிக் கூட்டத்தில் சேருபவன் வேறொரு தாயின் மகன், மந்தாகினியின் மகன். ராணியாகும் கனவை உதறிவிட்டுப் பூக்காரனைத் தேர்ந்தெடுக்கிறாள் கோடிக்கரையின் படகோட்டிப் பெண் பூங்குழலி. முடிசூட்டு மண்டபத்தில் கரிகாலனின் தம்பி அருள்மொழி (பின்னாளில் ராஜராஜ சோழன்) தன் தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்து, உறவுமுறையில் தனக்குச் சித்தப்பாவான சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

படத்தில் குழந்தை மாறிய கதையே இல்லை. அஸ்வின் காகமானு நடித்த சேந்தன் அமுதன் இரண்டு பாகத்திலும் ஓரமாக வந்து போகிறான். ரகுமான் நடித்த அதே மதுராந்தகனுக்கே அருள்மொழி கிரீடத்தைக் கொடுக்கிறார். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

வரலாற்றில் உத்தம சோழன் என்ற மதுராந்தகன் கண்டராதித்தரின் மகன்தானே, குழந்தை மாற்றம் கல்கியின் கற்பனைதானே என்று தோழி ஒருத்தி கேட்டாள். உண்மைதான். ஆனால் கல்கி ஏன் அப்படிக் கற்பனை செய்தார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை அருள்மொழி அதை மனதாலும் நாடவில்லை என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அப்படியென்றால் ஆசைப்பட்டவருக்கு விட்டுக்கொடுத்தான் என்று ஆகிறது. கல்கிக்கு அது போதவில்லை. ஆசைப்படாத ஒருவன், வாய் பேசாத ஏழைப் பெண் வளர்த்த பிள்ளை, அவனுக்குக் கிரீடம் போக வேண்டும் என்று நினைத்தார். அதற்காக முதல் பாகத்து இடியாப்பத்திலிருந்தே வேலை தொடங்கிவிட்டார். படம் மறுபடி ஆசைப்பட்டவனிடமே அதைக் கொடுத்துவிட்டது.

மணிமேகலை என்ற பெண்ணோ படத்தில் எங்குமே இல்லை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை மனதுக்குள் வைத்துக்கொண்டு, அவன் தப்பிக்க வேண்டும் என்பதற்காகக் கரிகாலனைக் கொன்றது தான்தான் என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்பவள். நாவலின் கடைசி அத்தியாயம் அவளுடையது. பட்டாபிஷேகத்தில் முடிக்காமல், வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் அந்தப் பெண்ணோடு கல்கி கதையை முடிக்கிறார். அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது!’. பாட்டியின் பைண்டு புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுப்பட்டு மற்ற பக்கங்களைவிடக் கறுத்திருக்கும்.

இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள கதையை ஐந்தரை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். நாகைப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் (புத்த மடத்தில்) நடப்பதில் நிறைய வெட்டினார்கள், பரவாயில்லை. பூங்குழலியின் கோடிக்கரையைக் குறைத்தார்கள், வலித்தது, அதையும் விடுகிறேன். ஆனால் நாவலில் இல்லாத ஒரு பெரிய போரை இரண்டாம் பாகத்தின் முடிவில் சேர்த்திருக்கிறார்கள். குதிரையும் புழுதியுமாக அது ஓடும் நேரத்தில் வாணியும் அந்தக் குழந்தையும் தாராளமாக வந்திருப்பார்கள். திரைக்கதையில் மணிரத்னத்தோடு ஜெயமோகனும் இளங்கோ குமரவேலும் இருந்தார்கள். அந்த 1999 நாடகத்தை எழுதியவரே குமரவேல்தான். நாவலைத் தெரியாதவர்கள் செய்த தவறு என்று சொல்ல வழியில்லை. தெரிந்தே அரச குடும்பத்தை வைத்துக்கொண்டு பூக்காரனை விட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: முதல் பாகத்தைத் தாராளமாகப் பாருங்கள், முடிந்தால் பெரிய திரையில். இரண்டாம் பாகத்தை ஐந்தாம் பாகம் படித்து முடித்த அதே வாரத்தில் பார்க்காதீர்கள், தாங்காது. நாவலைப் படிக்காதவர்கள் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கலாம். இந்தக் கடைசி யோசனை என் மகளால் வந்தது.

அவளுக்கு இப்போது பதினான்கு. படம் பார்த்த ஆசையில், போன கோடை விடுமுறையில் பாட்டியின் புத்தகங்களை எடுத்தாள். பழைய தாள், கவனமாகப் புரட்டு என்று மட்டும் சொல்லி வைத்தேன். படம் பார்த்தவள்தானே, எல்லாம் தெரிந்த கதைதானே என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு ஐந்தாம் பாகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

“அம்மா, அந்த இடியாப்பம் வீட்டு அண்ணன்தான் ராஜாவா?”

எனக்குப் பதின்மூன்று வயதில் கிடைத்த அதே அதிர்ச்சி அவள் முகத்தில். படம் விட்டுவிட்டதால் அது அவளுக்குப் பத்திரமாக இருந்திருக்கிறது. தள்ளிப் படுத்து இடம் கொடுத்தேன். மிச்சப் பக்கங்களை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். மணிமேகலையிடம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.