35 டாலரைத் திரும்ப வாங்க எந்தக் கதவைத் தட்டுவது?

கணக்கில் இருந்தது 3 டாலர் சில்லறை. குடித்த காபியின் விலை 4.75 டாலர். மறுநாள் காலை வங்கிச் செயலியைத் திறந்தால் காபிக்குக் கீழே இன்னொரு வரி: ஓவர்டிராஃப்ட் கட்டணம், 35 டாலர். நியூ ஜெர்சிக்கு வந்த முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்தது இது. நம் ஊரில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் கார்டு ஓடாது. கடைக்காரர் முன்னால் அசடு வழிவதோடு முடிந்துவிடும். இங்கே வங்கி தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கறக்கிறது.

கதவைத் தட்டும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: கேட்கப்போவது சலுகையா, உரிமையா? ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்கும் கடையில் டெபிட் கார்டைத் தேய்ப்பதற்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட வேண்டுமானால், வாடிக்கையாளரின் சம்மதத்தை வங்கி முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். 2010 முதல் அமெரிக்காவில் இதுதான் விதி. காசோலைக்கும் மாதாமாதம் தானாகப் போகும் தவணைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே வாடகைக் காசோலையால் விழுந்த கட்டணத்துக்குப் பெரும்பாலும் தயவுதான் கேட்க முடியும். சம்மதம் தராத கணக்கில் காபிக்கு விழுந்ததை அதட்டியே கேட்கலாம்.

சலுகைக்குத் தொலைபேசியை மிஞ்சிய வழி இல்லை. முதல் தடவை என்றால் எதிர்முனையில் இருப்பவரே ரத்து செய்துவிடும் வாய்ப்பு உண்டு. நான் பேசியபோது அந்தப் பெண் பாதியைத் தருவதாகச் சொன்னார். அரைகுறையாகப் படித்திருந்த தைரியத்தில், "நான் எப்போது சம்மதம் கொடுத்தேன்? தேதியைச் சொல்லுங்கள்" என்றேன். காத்திருப்பு இசை நெடுநேரம் ஓடியது. திரும்பி வந்தவர், கணக்கு தொடங்கிய அன்றே விண்ணப்பத்தில் சம்மதத்துக்கான கட்டத்தில் நான் டிக் அடித்திருப்பதாகச் சொன்னார். கத்தையாக நீட்டிய தாள்களில் படிக்காமல் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று! குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இந்த ஒரு முறை மட்டும்" என்று முழுத் தொகையையும் விட்டுக்கொடுத்தார். அதே அழைப்பில் அந்தச் சம்மதத்தையும் ரத்து செய்துவிட்டேன். கிளைக்கு நேரில் போவது மேலாளரைத் தெரிந்தவர்களுக்குச் சரி. மற்றவர்களிடம் அங்கேயும் தொலைபேசி எண்ணைத்தான் கொடுப்பார்கள்.

உரிமை என்று உறுதியாகத் தெரிந்தும் வங்கி மறுத்தால், அடுத்தது சிஎஃப்பிபி என்னும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு. இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கிகள் பொதுவாக 15 நாட்களுக்குள் பதில் தரும்; சிக்கலானதற்கு 60 நாள் வரை ஆகலாம். ஆனால் இது நீதிமன்றம் அல்ல. உங்கள் 35 டாலருக்குத் தீர்ப்பு எழுதாது. பெரிய வங்கிகளின் கட்டணத்துக்கு 5 டாலர் என்று இந்த அமைப்பு 2024 டிசம்பரில் கொண்டுவந்த வரம்பையும் 2025இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்துவிட்டது. வங்கியின் வழக்கமே கோணலாக இருக்கும்போதுதான் இந்தக் கதவுக்கு மதிப்பு. பொருள் வாங்கும்போது கணக்கில் பணம் இருந்து, இரண்டு நாள் கழித்து அந்தத் தொகை உண்மையில் கழிக்கப்படும்போது இல்லாமல் போனதற்காகக் கட்டணம் போட்ட ரீஜன்ஸ் வங்கி, 2022இல் இந்த அமைப்பின் உத்தரவால் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 14.1 கோடி டாலர் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு. நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரை கேட்கலாம். நான் விசாரித்தபோது மனுக் கட்டணம் 35 டாலர், அழைப்பாணை அனுப்பும் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஓராண்டில் பத்துப் பன்னிரண்டு கட்டணங்கள் குவிந்திருந்தால் யோசிக்கலாம். அப்போதும் வங்கி ஒப்பந்தத்தில், தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ளச் சொல்லும் நடுவர் மன்றம் பற்றிய பிரிவைப் படித்துவிட்டே போக வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, வங்கியையே மாற்றிவிடலாம். கேப்பிட்டல் ஒன், சிட்டி இரண்டும் 2022இல் இந்தக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே ஆண்டில் 35 டாலரை 10 ஆக்கியது. தொலைபேசியில் பேச்சு முட்டுக்கட்டையில் நிற்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். நிஜமாகவே கிளம்புவதாக இருந்தால், தானாகப் போகும் தவணைகளை முதலில் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூடிய கணக்கில் பழைய தவணை ஒன்று வந்து மோத, வங்கி அந்தக் கணக்கைத் தானாகத் திறந்து மறுபடியும் கட்டணம் போட்ட கதைகள் இங்கே உண்டு.