பின்னிய குழந்தைப் போர்வைக்கு அடித்துணி: ஃபிளானலா, ஃபிளீஸா?

பின்னல் துளைகளில் பிஞ்சு விரல் சிக்காமலிருக்கத்தான் பின்பக்கம் அடித்துணி தைக்கிறோம். பருத்தி ஃபிளானல் (மேற்பரப்பு லேசாகப் பஞ்சுபோல் இருக்கும் மென்துணி) வேர்வையை உறிஞ்சும், காற்றும் போகும். தொல்லை என்னவென்றால், முதல் சலவையில் சுருங்கும். அலசாமல் தைத்துவிட்டால் பிறகு போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். எனவே வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பின்பே வெட்டுங்கள். ஓரம் பிரியும் என்பதால் நாற்புறமும் 1.5 செ.மீ. கூடுதல் விட்டு உள்ளே மடிக்க வேண்டும்.

ஃபிளீஸ் (தடித்த, மெத்தென்ற கம்பளி போன்ற துணி) சுருங்காது, பிரியாது, 1 செ.மீ. மடிப்பே போதும். ஆனால் அது பாலியஸ்டர். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும், வெயில் ஊரில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். ஊட்டிக் குளிருக்குச் சரி, மதுரைக்கு ஃபிளானல்தான்.

எதுவானாலும், போர்வையை முதலில் நனைத்துப் பிழிந்து, சதுரமாக விரித்து, ஊசி குத்திக் காயவைத்து, அந்த அளவோடு மடிப்புக்கான கூடுதலை மட்டும் சேர்த்துத் துணி வெட்டுங்கள். பின்னல் இழுபடும், துணி அவ்வளவு இழுபடாது. அதனால் மெஷினைவிடக் கைத்தையலே நல்லது, நூலை இறுக்காதீர்கள். நடுவில் 10 செ.மீ.க்கு ஒரு சிறு தையல் இரண்டையும் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது துணி தனியே தொங்கும்.