கடல் மீன் என்று சொல்லி ஆற்று மீனைக் காட்டுகிறார்கள்: வெள்ளவத்தைக் கண்காட்சி பற்றிய எச்சரிக்கை

பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் கொழும்புப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் ஒரு வாடகை மண்டபத்தில், 'இலங்கைக் கடலின் அதிசய உயிரினங்கள்' என்று மும்மொழியிலும் பதாகை கட்டித் தற்காலிக மீன் கண்காட்சி ஒன்றை நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1,500 ரூபா, பிள்ளைகளுக்கு 1,000 ரூபா. தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் உள்ள மீன் காட்சியகத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாசலில் சீட்டு விற்பவர்கள் இதைத் தெளிவுபடுத்துவதில்லை.

பதாகையில் கடற்குதிரை, திருக்கை, சிங்கி இறால், கோமாளி மீன் எல்லாம் இருந்தன. உள்ளே அவற்றில் ஒன்றுகூட இல்லை. குருநகரில் கடலோடு வளர்ந்த என் மாமாவும் அக்காவின் பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். 'குட்டிச் சுறா' என்று எழுதியிருந்த முதல் தொட்டியைப் பார்த்ததுமே மாமா, "தம்பி, சுறாவுக்கு எங்கையடா மீசை?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. சுறாவின் கழுத்தோரத்தில் மூடியில்லாத செவுள் பிளவுகள் வரிசையாகத் தெரியும். அந்த மீனுக்கோ வழவழப்பான செவுள் மூடியும் வாயோரத்தில் மீசையும் இருந்தன. அது மேக்கொங் ஆற்றுப் பக்கத்துப் பங்காசியஸ் என்னும் கெளிறு. வளர்ப்பு மீன் கடைகளில் சாதாரணமாக விற்கப்படுவது. அடுத்தடுத்த தொட்டிகளில் கோய் கெண்டைகளும் அமேசன் ஆற்றைச் சேர்ந்த ஒஸ்கார் மீன்களும், நடுவே நன்னீர்ப் பாசிச் செடிகளும் இருந்தன. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கோய் அதில் உயிர் வாழாது. ஆகவே அங்கே கடல் நீரே இல்லை என்பதைத் தொட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீரிமீனையும் ஓராவையும் சந்தையில் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, நம் கடலின் பெயரைச் சொல்லி வேறு நாட்டு ஆற்று மீனைக் காட்டுவது பணத்தை ஏமாற்றுவதிலும் மோசமானது என்பது என் எண்ணம், ஏனென்றால் அவர்கள் அந்தப் பெயர்ப்பலகைகளை நம்பிப் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைவிட என்னை வருத்தியது கடைசி மூலையில் இருந்த ஆமை. சலவைத் தொட்டி அளவான நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில், முழங்கை ஆழம்கூட இல்லாத கலங்கிய நீரில் அதை விட்டிருந்தார்கள். பறவையின் அலகு போன்ற வாயையும் ஓட்டின் பின்விளிம்பில் இருந்த வாள்பற்களையும் கண்டு, அது அழுங்காமை என்று மாமா சொன்னார். 300 ரூபா கொடுத்தால் பிள்ளைகள் அதைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். தூக்கும்போதெல்லாம் அது துடுப்புகளைக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நம் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டபோது, அங்கே நின்ற இளைஞர் "முதலாளியைக் கேளுங்க" என்றார். முதலாளி வரவேயில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சீட்டின் பின்புறத்தில் 'பணம் மீளளிக்கப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அந்தச் சீட்டில் நிறுவனத்தின் பெயரோ முகவரியோ தொலைபேசி எண்ணோ இல்லை. பற்றுச்சீட்டு கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள்.

ஏற்கெனவே போய் ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்து மூலமாக, காலம் தாழ்த்தாமல் கொடுங்கள். சீட்டின் இரண்டு பக்கங்களையும், பதாகையையும், தொட்டிகளின் பெயர்ப்பலகைகளையும் படம் எடுத்து இணையுங்கள். ஆமை விடயத்தை வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். நாங்கள் இரண்டு இடத்துக்கும் அறிவித்துவிட்டோம். இதை எழுதும்வரை மண்டபம் திறந்தே இருக்கிறது. அடுத்ததாக மட்டக்களப்புக்கு வருவதாகப் பதாகையின் அடியில் போட்டிருக்கிறார்கள். அங்கே உறவினர் இருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.