போட்டோகிராபி டிகிரிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ முடித்துவிட்டு போட்டோகிராபி படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காகக் கடன் வாங்கப் போகும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

2023-ல் சென்னையில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலைப் பட்டம்) போட்டோகிராபி சேர்ந்தேன். முதல் வருடக் கட்டணம் 1,80,000 ரூபாய். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. "எழும்பூர் காலேஜ் மாதிரியேதான் சார்" என்றார் அட்மிஷன் மேடம். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா சரி என்றுவிட்டார்.

ஃபிலிமிலிருந்து பேப்பரில் பிரிண்ட் போடும் இருட்டறையையும் காட்டினார்கள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. "பிரிண்ட் போட்டுட்டு இருக்காங்க, திறக்கக் கூடாது தம்பி" என்றார்கள். இருட்டறைக் கதவில் கண்ணாடி வைக்கவே மாட்டார்கள், வெளி வெளிச்சம் பட்டால் பேப்பர் கறுத்துப் போகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து உள்ளே போனேன். ஃபிலிம் படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் லென்ஸே இல்லை. டெவலப்பர், ஃபிக்ஸர் என்ற பிரிண்ட் ரசாயனங்களை ஊற்ற வேண்டிய டிரேக்களில் கல்யாண ஆல்பம் அட்டைகள் அடுக்கியிருந்தன. குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கழுவத் தண்ணீர் இல்லாத அறையில் எந்தப் பிரிண்டைப் போட்டிருப்பார்கள்?

அந்த அட்டைகளுக்கும் காரணம் இருந்தது. கல்லூரி முதலாளிக்குக் கல்யாண ஸ்டுடியோ ஒன்று உண்டு. ஆவணி பிறந்ததும் "பிராக்டிகல்" என்று எங்களை மண்டபங்களுக்கு அனுப்பினார்கள். லைட் ஸ்டாண்ட் தூக்கினோம், ஒயர் சுருட்டினோம். விடியற்காலை நாலு மணிக்குப் போய் ராத்திரி பதினொன்றுக்குத் திரும்பினோம். சம்பளம் கிடையாது, கேமராவைத் தொடவும் விடமாட்டார்கள். முகூர்த்தம் இல்லாத மார்கழியில்தான் ஒழுங்காக வகுப்பு நடந்தது. அப்போதும் பதினெட்டுப் பேருக்கு இரண்டே கேமரா. ஒளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் ஆசையில் வந்த பிள்ளைகளை இப்படிக் கூலியில்லாத ஆட்களாக்கியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

விலகுகிறேன் என்று சொன்னதும், மீதி இரண்டு வருடப் பணத்தைக் கட்டினால்தான் என் பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் திருப்பித் தருவோம் என்றார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "நாங்க யுஜிசி கீழ வரலை தம்பி" என்று முதலாளியே சொன்னார். அப்படியானால் டிகிரி யார் தருவார்கள்? 1956 யுஜிசி சட்டத்தின் 22-ம் பிரிவுப்படி, பல்கலைக்கழகமோ, பல்கலைக்கழகத்துக்கு நிகரான நிறுவனமோ, பாராளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் தர முடியும். இவர்கள் தர இருந்தது அவர்களே அச்சடிக்கும் சான்றிதழ்.

போலீசுக்குப் போவேன் என்று அப்பா சொன்ன பிறகு மார்க் ஷீட் கைக்கு வந்தது. பணம் வரவில்லை.

நீங்கள் சேரப் போகும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். இருட்டறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். முடிந்தால் ஒரு முகூர்த்த நாளில், சொல்லாமல் போய், வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.