கிருஷ்ணகிரியில் கார் பாலிஷ்: பாட்டிலைப் பார்க்கும் முன் பானட்டைப் பாருங்கள்

துபாயிலிருந்து லீவில் ஊருக்கு வந்தால் அப்பாவின் காருக்கு ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். இந்தத் தடவை மெஷின் பாலிஷ். கிருஷ்ணகிரியில் இப்போது இதற்கென்றே கடைகள் வந்துவிட்டன. பெங்களூரு சாலையில் ஒன்று, ராயக்கோட்டை சாலையில் ஒன்று, லண்டன்பேட்டைப் பக்கம் ஒன்று என ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையிலும் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டது ஒரே கேள்வி: "எந்த பிராண்டு போடணும் சார்?" அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஊருக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தால் பணமும் மிஞ்சும், பெயிண்டும் மிஞ்சும்.

அப்பாவுடையது கறுப்பு டிசையர். வாசலில் மாமரத்தடியில்தான் நிற்கும். மாங்கனிக் கண்காட்சி நடக்கிற சீசன் என்பதால் காம்பு முறிந்து மாம்பால் சொட்டிய இடமெல்லாம் கூரையில் திட்டுத் திட்டாக மங்கியிருந்தது. போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டதில் கதவு முழுக்க வெள்ளை உப்புப் பொட்டு. குவாரி லாரி ஓடுகிற ரோடு எங்களுடையது. தினமும் படிகிற கல் தூசியைக் காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்து பானட் எங்கும் வட்ட வட்டமாக நுண்கீறல். நிழலில் நின்றால் ஒன்றும் தெரியாது. வெயிலில் எடுத்தால் மனசு கஷ்டப்படும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பாலிஷ் என்பது கிளியர் கோட்டை மிக மெலிதாகச் சீவி எடுப்பது. நம் ஊர்க் கார்களில் தகரத்தின் மேலிருக்கும் மொத்தப் பெயிண்டும் பெரும்பாலும் 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) சுற்று வட்டாரத்தில்தான் இருக்கும். அதில் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்த அடுக்குதான். ஒவ்வொரு பாலிஷுக்கும் அதில் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. அதனால் குறை தீர எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. எந்த கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் கடையில் லேபிள் இல்லாத கேனிலிருந்து வெள்ளையாக எதையோ ஊற்றி, பானட் ஓரத்தில் ஒரு கையகலம் தேய்த்துக் காட்டினார்கள். பளபளவென்றுதான் இருந்தது. அதன் மேல் ஆல்கஹால் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கச் சொன்னேன். துடைத்ததும் பழைய கீறல் அத்தனையும் வெளியே வந்தது. எண்ணெயும் ஃபில்லரும் கீறலுக்குள் உட்கார்ந்து மறைத்திருக்கின்றன. சில வாட்டர் வாஷில் அதெல்லாம் போய்விடும். விற்கப்போகிற வண்டிக்கு வேண்டுமானால் அது போதும். வீட்டிலேயே வைத்திருக்கிற வண்டிக்கு அந்தக் காசு வீண்.

இரண்டாவது கடையில் நேர் எதிர். உச்சி வெயிலில், ரோட்டோரத்தில், ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் மாட்டி, ஒரு கறுப்பு வண்டியை முரட்டு காம்பவுண்டால் (அதிகம் சீவுகிற பாலிஷ்) தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வண்டிக்கும் அந்த ஒரே டப்பாதான். கீறல் போகும், சந்தேகமில்லை. ஆனால் மெஷின் போன தடம் ஹாலோகிராமாக அப்படியே நின்றது. வெயிலில் நடந்து பார்த்தால் கூடவே நகர்ந்து வந்தது. விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப்கூட ஒட்டவில்லை. பெயிண்ட் மெலிந்திருப்பதே விளிம்பில்தான். ரோட்டரி ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் சூடேறி அங்கேதான் முதலில் தேய்ந்து அடி நிறம் தெரியும். நான் வண்டியை இறக்கவே இல்லை.

லண்டன்பேட்டைத் தம்பி பிராண்டு பேச்சையே எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, தலையில் மாட்டுகிற டார்ச்சைப் போட்டுக்கொண்டு பானட்டைச் சுற்றி வந்தார். பிறகு தடிமன் பார்க்கிற மீட்டரை எடுத்து வைத்தார்: பானட்டில் 104, 98, 101. இடது பின் கதவில் 236. "இந்தக் கதவு ரீபெயிண்ட் ஆயிருக்குங்கண்ணா, ஃபேக்டரி பெயிண்ட் மாதிரி இருக்காது, இத தனியாத்தான் பாக்கணும்" என்றார். எப்போதோ ஆட்டோ உரசியதை அப்பா அப்போதுதான் சொன்னார். பிளாஸ்டிக் பம்பரில் அந்த மீட்டர் வேலை செய்யாது, அங்கே இன்னும் ஜாக்கிரதையாகப் போக வேண்டும் என்றும் தம்பியே சொன்னார்.

அவருடைய அப்பா கிரானைட் பாலிஷ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவராம். "அங்கயும் முரட்டுக் கல்லுல ஆரம்பிச்சு நம்பர் மாத்தி மாத்தித்தாங்கண்ணா பாலிஷ் ஏத்துவாங்க. ஆனா அது 20 மில்லிமீட்டர் பலகை. தப்பாப் போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து தேய்ச்சுக்கலாம். இங்க ஒரு பேப்பர் கனத்துல பாதிகூட இல்ல. அதனால நாம மெதுவானதுல ஆரம்பிச்சு, பத்தலைன்னா மட்டும் மேல போவோம்." இந்தத் தொழிலைப் பற்றி இதைவிடத் தெளிவாக துபாயில் அல் கூஸ் கடைகளில்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

அலமாரியில் நல்ல சரக்குதான் இருந்தது. மென்செர்னா கம்பெனி பாலிஷில் நம்பர் சிறிதாக இருந்தால் வெட்டு, அதாவது பெயிண்டைச் சீவும் வேகம், அதிகம்: 400 முரடு, 2500 நடுத்தரம், 3800 முடிப்பு. மெகுயர்ஸில் எம்105 வெட்டுக்கு, எம்205 முடிப்புக்கு. 3எம் பாட்டிலை மூடி நிறத்தை வைத்தே எடுத்துக்கொள்கிறார்கள். பச்சை மூடி வேகமாக வெட்டும், நீல மூடி கடைசிக்கு. இதில் எந்த வரிசையும் மட்டமில்லை. வித்தியாசம் பாலிஷில் கலந்திருக்கும் தேய்க்கிற துகளில் இருக்கிறது. மென்செர்னா வகையில் துகள் தேயத் தேயப் பொடிந்து மென்மையாகும். பாலிஷ் மெல்லிய படலமாகத் தெளிகிற வரை மெஷினை ஓட்ட வேண்டும், பாதியில் துடைத்தால் மங்கல் நிற்கும். மெகுயர்ஸின் இந்த இரண்டிலும் துகள் முதலிலிருந்தே மிக நுண்ணியது, பொடிவதை நம்பி வேலை செய்வதில்லை. போதும் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எம்105 சீக்கிரம் காய்ந்து தூசி விடுகிற சாதி. நம் ஊர்ச் சூட்டில் கை பழகாதவர்களுக்கு அது சிரமம். பேட் வேறு இருக்கிறது: ஒரே பாலிஷை மைக்ரோஃபைபர் பேடில் வைத்தால் ஒரு வெட்டு, மெத்தென்ற ஃபோமில் வைத்தால் வேறு வெட்டு. பாட்டில் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்வதில் அர்த்தமில்லை என்பது அதனால்தான்.

தொடங்கும் முன் உப்புப் பொட்டுகளுக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிட்டது. அதற்காகப் பெயிண்டைத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு, பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டினார். மெத்தென்ற ஃபோம் பேடில் 3800, நாலு சொட்டு. டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (பேட் சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசையும்) குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக ஓட்டி, ஆல்கஹால் தண்ணீர் அடித்துத் துடைத்து, டார்ச்சைப் பிடித்தார். பளபளப்பு ஏறியிருந்தது, வட்டக் கீறல் பாதிதான் போயிருந்தது. அதே இடத்தில் 2500. துடைத்துப் பார்த்தால் நகம் மாட்டுகிற இரண்டு கீறல் தவிர எல்லாம் போயிருந்தது, லேசான மங்கலுடன். மேலே மறுபடி 3800. டேப்பை உரித்தபோது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஷெட்டின் டியூப் லைட் நேர்கோடாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் அதே லைட் கலங்கலாக. அப்பா குனிந்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். 400 டப்பாவைத் திறக்கவே இல்லை.

நகம் மாட்டுகிற கீறலை எடுக்கத் தன்னால் முடியும், ஆனால் எடுக்கக் கூடாது என்று அவரே சொல்லி விட்டுவிட்டார். மாம்பால் பட்ட கூரையில் இரண்டு திட்டு இன்னும் மங்கலாக இருக்கிறது; ஆழமாக அரித்துவிட்டது, அதையும் அப்படியே விட்டோம். ரீபெயிண்ட் கதவுக்கு வெறும் 3800 மட்டும். காலையில் விட்ட வண்டி மறுநாள் மாலைதான் கிடைத்தது. கூலி 4,500 ரூபாய். மற்ற கடைகளைவிடக் கூடுதல்தான், பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் மீட்டர் இருக்கிறதா, டெஸ்ட் ஸ்பாட் போட்டுக் காட்டுவார்களா, ஆல்கஹால் துடைத்த பிறகு பார்க்க விடுவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். லீவின் கடைசி இரண்டு நாளில் கொண்டுபோய் நிறுத்தி அவசரப்படுத்த வேண்டாம், அவசரத்தில்தான் முரட்டு டப்பா திறக்கப்படும். பெயிண்டின் மேல் பூசுகிற பாதுகாப்புப் படலமான செராமிக் கோட்டிங்கும் கேட்டேன். வண்டி மாமரத்தடியை விட்டு நகர்ந்தால் பேசலாம் என்றார் தம்பி. அப்பா இப்போது வீட்டுப் பின்பக்கம் காருக்கு ஷீட் போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.