துறைவாரியா, வேலைவாரியா? சிறு அச்சகத்தில் ஆட்களைப் பிரிக்கும் வழிகள்

மொரீஷியஸில் போர்ட் லூயி, ரோஸ் ஹில் பக்கத்துச் சிறு அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52×74 செ.மீ. தாள் ஓடும் நான்கு வண்ண ஆஃப்செட் மெஷின் ஒன்று, டிஜிட்டல் மெஷின் ஒன்று, கட்டிங் மெஷின் ஒன்று, 12 ஆட்கள். தேக்கத்தையும் விரயத்தையும் குறைக்கும் லீன் முறைக்கு மாறலாம் என்றதும் முதல் வாக்குவாதம் ஆட்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான்.

துறைவாரி முறை எல்லோருக்கும் தெரிந்தது: டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது), பிளேட் (அச்சுத் தகடு போடுவது), அச்சு, பைண்டிங் என்று தனித்தனி. வேலைவாரி முறையில் அழைப்புப் பத்திரிகையும் கார்டும் ஓர் அணிக்கு, பில் புக் ஓர் அணிக்கு, விழா மலரும் புத்தகமும் ஓர் அணிக்கு. உரை வாங்குவதிலிருந்து கட்டிக் கொடுப்பது வரை அந்தந்த அணியின் பொறுப்பு.

துறைவாரியில் மெஷின் ஆபரேட்டர்தான் ராஜா. வெளிர் நிற வேலைகளை முதலில் ஓட்டி, அடர் நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். மெஷினில் மை கழுவும் வேலை மிச்சம், தாள் வேஸ்ட்டும் குறைவு. ஆனால் துறைக்கும் துறைக்கும் நடுவே குவியல் வளரும். உள்ளே 24 வேலை கிடக்கிறது, நாளுக்கு 6 வெளியே போகிறது என்றால், இன்று வருபவருக்கு 4 நாள். பைண்டிங் 6தான் முடிக்கிறது என்றால், ஆஃப்செட்டை வேகமாக ஓட்டினால் குவியல் உயர்ந்து 4 நாள் 5 ஆகும். அச்சுப் பகுதி மட்டும் 'டார்கெட் முடிந்தது' என்று மார்தட்டிக்கொள்ளும்.

இங்கே அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ் எழுத்து. பக்கம் அமைக்கும் மென்பொருளின் சாதாரண கம்போசரில் (எழுத்துகளை வரியாக அடுக்கும் பகுதி) தமிழைக் கொட்டினால் 'கொடியேற்றம்' என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைன் மென்பொருள் என்றால் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்ற வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் வரும் உரையை யூனிகோடாக மாற்றாமல் வேறு எழுத்துருவுக்குக் கொண்டுபோனால் மொத்தமும் குழம்பும். பிளேட் போடுபவரும் அச்சடிப்பவரும் கிரியோல் மட்டும் பேசுபவர்களாக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது. மடிக்கும் மேசையில், 1,000 பிரதி ஓடிய பிறகு, தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்துத் தலையில் கை வைப்பார். ரூபாய் நோட்டில் தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதற்காக 1998இல் நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது. கோவில் பத்திரிகையில் கொம்பு இடம் மாறினால் சும்மா விடுவார்களா? வேலைவாரி அணியில் தமிழ் படிப்பவர் பிளேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு காரணத்துக்கே அந்த முறை பாதி ஜெயிக்கிறது.

மீதிப் பாதியில் சறுக்குகிறது. ஆஃப்செட் ஒன்றுதான், மூன்று அணிக்கு அதை வெட்டிக் கொடுக்க முடியாது. ஆளாளுக்கு 'என் வேலை முதலில்' என்றால் நாளுக்கு நான்கு தடவை கூடுதலாகக் கழுவ வேண்டியதுதான். அடித்த கையோடு அடுத்த கைக்கு என்ற லீன் பாடமும் ஆஃப்செட்டில் அப்படியே செல்லாது. கோட்டட் (வழவழப்புப் பூச்சு உள்ள) தாளில் மை காயாமல் கட்டிங்குக்குப் போனால் கிளாம்ப் அழுத்தத்தில் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சின்னச் சின்ன அடுக்காகச் சில மணி நேரம் விடத்தான் வேண்டும். அதைத் தேக்கம் என்று எண்ணிக் குறைக்கப் போவது அசட்டுத்தனம்.

ஆகவே எங்கள் பரிந்துரை கலப்பு முறை. ஆஃப்செட்டும் கட்டிங்கும் பொது. உரை, பிரூஃப் பகுதியையும் பைண்டிங் பகுதியையும் மட்டும் வேலைவாரியாகப் பிரியுங்கள். நடுவே மூன்று தட்டு உள்ள பிளேட் ரேக் ஒன்று, தட்டுக்கு ஒரு வேலை. மூன்றும் நிரம்பினால் டிடிபி புது பிளேட் போடக் கூடாது. எழுந்து போய் மடிக்கவோ பில் புக் நம்பரிங் சரிபார்க்கவோ வேண்டும். முறை உடைவது பெரும்பாலும் இங்கேதான். கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்கு மடிக்கும் மேசை கௌரவக் குறைச்சல். முதலாளி இரண்டு நாள் அந்த மேசையில் நின்றால் பேச்சு அடங்கும்.

பொது மெஷினில் லாபம் மேக்ரெடியில், அதாவது அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார்படுத்துவதில், இருக்கிறது. வேலை மாற்ற 40 நிமிடம் ஆகிறது, அதில் பிளேட் தேடுவது, தாள் இழுத்து வருவது, ஸ்பெஷல் கலர் கலப்பது 15 நிமிடம் என்று வைப்போம். மெஷின் ஓடும்போதே ஹெல்பர் அவற்றை முடித்தால், நாளுக்கு 5 வேலையில் 75 நிமிடம் கிடைக்கும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வகுத்த, வேலை மாற்றும் நேரத்தைக் குறைக்கும் முறையின் சாரம் இதுதான்.

ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். காவடி விரதம், லீவு என்று ஒருவர் போனால் அணி படுத்துவிடக் கூடாது. கட்டிங் மெஷின் மட்டும் விதிவிலக்கு. இரு கை பட்டன், ஒளித்தடுப்பு இரண்டும் இருந்தாலும் முறையாகப் பழகாதவரை அதன் பக்கம் விடாதீர்கள்.

பிளேட்டுக்கு 'தேவைப்படும்போது மட்டும்' என்ற கணக்கு சரி. தாளுக்கு ஆகாது. தாள் கப்பலில் வருகிறது. பத்திரிகை வேலை குவியும் தைப்பூசமோ புயல் காலத்தில் வருகிறது. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை விழுந்தால் கடையை அடைக்கத்தான் வேண்டும். அதிகம் ஓடும் இரண்டு மூன்று ரகங்களில் இரண்டு மாத இருப்பு வையுங்கள். ரீம் உறையைப் பிரிக்காமல் ஒரு நாளாவது மெஷின் அறையிலேயே கிடக்கட்டும். கோடை ஈரத்தில் உடனே பிரித்தால் ஓரம் அலைபாய்ந்து ரிஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) நிற்காது.