காணாமல் போன ஆட்டக்காரர்: 1919 சிகாகோவா, 1946 செயின்ட் லூயிஸா?

காணாமல் போன பேஸ்பால் ஆட்டக்காரரைத் தேடும் தனியார் துப்பறிவாளர் கதை ஒன்றை எழுதினால், அதை 1919 சிகாகோவில் வைப்பதா, 1946 செயின்ட் லூயிஸில் வைப்பதா? பலருக்கும் 1919 சிகாகோதான் நினைவுக்கு வரும். சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சிகாகோ அணியான ஒயிட் சாக்ஸ், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை சின்சினாட்டி அணியிடம் 5-3 என்ற ஆட்டக் கணக்கில் விட்டுக்கொடுத்தது. 10,000 டாலர் வாங்கிய ஒயிட் சாக்ஸ் பந்துவீச்சாளர் எடி சிகாட், முதல் ஆட்டத்தில் எதிரணியின் முதல் மட்டையாளர் மீதே பந்தை எறிந்தார். பேரம் படிந்தது என்பதற்கு அதுதான் சைகை! அணி முதலாளி கோமிஸ்கி துப்பறிவாளர்களை ஏவியதும் நிஜம். ஆனால் அங்கே காணாமல் போனது ஆளில்லை, ஆட்டக்காரர்களின் ஒப்புதல் வாக்குமூலக் காகிதங்கள். தவிர, தடை வாங்கிய எட்டுப் பேரின் கதை ஊரறிந்தது.

1946 அப்படியில்லை. செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸின் பந்துவீச்சாளர் மேக்ஸ் லேனியர் ஆறு வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை என்ற கணக்கில் இருந்தபோது, மே மாதம் சகாக்கள் இருவரோடு மெக்சிகோ போய்விட்டார். இழுத்தது மெக்சிகன் லீகை நடத்திய செல்வந்தர் ஹோர்ஹே பாஸ்கெலின் பணம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரை அணி விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் காலம் அது. ஓடியவர்களுக்கு ஐந்தாண்டுத் தடை. 1949-இல் அது நீங்கியது.

என் ஓட்டு இதற்குத்தான். காலியான லாக்கர், கழற்றிப் போட்ட காலணி, எல்லை தாண்டும் ரயில். சரி, துப்பறிவாளருக்குக் கூலி யார் தருவது? அணியா, மனைவியா, பந்தயம் கட்டியவனா? கதை அங்கேயே சூடு பிடித்துவிடும்.